பதினெட்டாம் நாள் முட்டை

பாறசாலை,
12-5-1956

என் கண்ணுக்கு எட்டாத சீமையில் இருக்கிற விமலாவுக்கு அம்மச்சி எழுதுவது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. தபால்காரர் தாணு அதை உள்ளே கொண்டுவந்து தரமாட்டார். வாசல் படலையில் நின்று, "சீமைக் கடிதமாக்கும்!" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கூவிவிட்டுத்தான் தருவார். நானும் உடனே போய் வாங்குவதில்லை. இன்னொரு தடவை கூவட்டும் என்று கொஞ்சம் நிற்பேன்.

நீ எழுதினதை மூன்று தடவை வாசித்தேன். முட்டை ஓட்டில் ஜன்னல் மாதிரி வெட்டி, உள்ளே குஞ்சின் நெஞ்சு துடிக்கிறதைப் பார்க்கிறாயாமே. நானும் கல்யாணம் ஆன நாள் முதல் கோழி அடை வைக்கிறேன். உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்று தோன்றினதே இல்லை. நல்ல வேளை, உங்கள் ஊரில் முட்டைக்குச் சூடு கொடுக்கப் பெட்டி இருக்கிறது. இங்கே என்றால் கோழி உன் கையைக் கொத்திக் கிழித்திருக்கும்.

அந்தப் பாம்பு விஷம் காரியம்தான் எனக்கு ஆச்சரியம். குஞ்சின் நரம்பு முடிச்சு ஒன்றை எடுத்துக் கண்ணாடியில் வைத்து, விஷப்பொடி கலந்த தண்ணீர் ஒரு துளி விட்டால், மறுநாள் நரம்பு சூரியன் மாதிரி நாலு பக்கமும் கதிர் விடுகிறது என்று எழுதியிருந்தாய். அமெரிக்காவில் கண்டுபிடித்ததை உங்கள் ஆய்வுக்கூடத்தில் என் பேத்தி செய்து பார்க்கிறாள்! வியாழக்கிழமை பெண்கள் சங்கத்தில் ஜெபம் முடிந்ததும் உரக்க வாசித்தேன். எல்லாரும் வாய் பிளந்து இருந்தார்கள். பூவாற்றிலிருந்து மீன் கொண்டுவருகிற எமில்டாவும் கூடையை இறக்கிவைத்து வாசலில் நின்று கேட்டாள். "பாம்பு விஷம் நரம்பை வளக்குமெண்ணா, எனக்க மாப்பிள்ளைக்கு மரத்துப்போன காலு ஒண்ணு உண்டு. ஒரு பாம்பைப் பிடிச்சு விடட்டா அக்கா?" என்றாள். சங்கத்துத் தலைவியம்மா சிரித்ததை நான் முதல் தடவை பார்த்தேன்.

எனக்கு ஒரு சந்தேகம். குஞ்சுக்குச் சிறகு முளைக்கிற இடத்தில் கால் ஏன் முளைக்கவில்லை? இன்ன இடத்தில் இன்னது வளரட்டும் என்று யார் சொல்லுகிறார்கள்? ஆண்டவர் என்று உபதேசியார் யோசுவா சொல்லிவிட்டார். அது எனக்கும் தெரியும். அவர் எந்த வழியாகச் சொல்லுகிறார் என்றுதான் கேட்கிறேன்.

உன் தங்கச்சி சரோஜத்துக்கு இப்போது நாலாம் மாதம். வாந்தி நின்றது. மாப்பிள்ளை பொன்னுதாஸ் தரையில் நிற்கவில்லை. அவனுடைய களியக்காவிளை தொடங்கி அந்தப் பக்கம் உள்ள தமிழ்த் தாலூகாக்கள் மதராசோடு சேரப்போவது உறுதியாகிவிட்டது. ஐம்பத்தி நாலில் அதற்காகப் போராடி அடி வாங்கி ஜெயிலில் கிடந்தவன் அல்லவா, சந்தோஷப்படட்டும். நம்முடைய தாலூகாவைத்தான் மலையாளத்தோடு விட்டுவிட்டார்கள். அவனுடைய அம்மை செல்லபாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒங்களை விட்டுட்டுப் போறோமே சம்பந்தி" என்று கப்பல் ஏறுகிறவள் மாதிரி சொல்லுகிறாள். நடந்துபோகிற தூரம்தான்.

அரிசி கிடைக்கிறதா? உன் உடம்பைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். முட்டைக்கு நாலு பக்கம், எனக்கு ஒரு வரியா?

முத்தங்களுடன்,
கிருபாபாய், ஐந்தாம் வகுப்பு
(நீ பேருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. போடுகிறாயே, நானும் படித்ததைப் போட்டேன்.)


எடின்பரோ,
3-6-1956

கிருபாபாய், ஐந்தாம் வகுப்பு, அவர்களுக்கு விமலாவின் அன்பு.

அம்மச்சி, அரிசி கிடைக்கிறது. மீனும் கிடைக்கிறது. புளிதான் இல்லை. உடம்பு நலம். நாலு வரி ஆகிவிட்டது, இனி முட்டைக்குப் போகலாமா?

நீங்கள் கேட்ட கேள்வியை எங்கள் ஆய்வுக்கூடத்துத் தலைவரிடம் அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். "உங்கள் பாட்டி எங்கே வேலை பார்க்கிறார்?" என்று கேட்டார்.

குஞ்சின் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு அறைகளால் ஆனது. செல் என்று பெயர். ஒரு செல்லுக்குத் தான் சிறகாக வேண்டும் என்று தானாகத் தெரியாது. பக்கத்துச் செல்கள் ஏதோ ஒரு சத்தை அனுப்புகின்றன. அது வந்து சேர்ந்ததும் இது வளர ஆரம்பிக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? அனுப்புகிறவர்கள் பாதிதான். கேட்கிறவர்கள் மீதிப் பாதி. ஒரு செல் குறிப்பிட்ட வயதில் மட்டும்தான் காது கொடுக்கும். வயது கடந்துவிட்டால் அதே சத்தைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் திரும்பிப் பார்க்காது. அதற்குள் அது தோலாகவோ கண்ணாகவோ ஆகித் தன் வேலையில் இறங்கியிருக்கும். எப்படிக் கேட்கிறது, எப்படிக் காதை மூடிக்கொள்கிறது என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது. அதைத்தான் தேடுகிறோம்.

நரம்பிலும் அளவு உண்டு. சிறகுக்குப் போகிற நரம்புச் செல்கள் தேவைக்கு மேலேயே பிறக்கின்றன. சிறகு அவற்றுக்குக் கொஞ்சமாகத்தான் ஊட்டும் என்று நினைக்கிறோம். எட்டியது பிழைக்கும், எட்டாதது வாடிவிடும். அதனால் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் வந்து நிற்கும். விஷத்தில் அந்தச் சத்து கணக்கில்லாமல் இருக்கிறது. கண்ணாடியில் பார்க்க அழகு. ஆனால் உயிருள்ள குஞ்சுக்குள் அப்படி மிஞ்சிப்போனால் நல்லதல்ல. ஒருவகைக் கட்டியிலும் இதே போன்ற சத்து உண்டு. அதை முட்டைக்குள் வைத்தபோது நரம்பு வழி தெரியாமல் ரத்தக் குழாய்க்குள்கூடப் பாய்ந்திருக்கிறது.

சங்கத்தில் வாசிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன் என்ற நினைப்பில் எழுதுகிறேன். எமில்டா அக்காவிடம் பாம்பை விடவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
விமலகுமாரி


பாறசாலை,
21-8-1956

மக்களே விமலா,

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். முதலில் இதைத் தெரிந்துகொள்: சரோஜம் பிழைத்துவிட்டாள். வயிற்றில் பிள்ளையும் உயிரோடு இருக்கிறது. இனி மற்றதை வாசி.

ஏழாம் மாதம் ஆனதால் பலகாரம் கொண்டுபோய் அவளைப் பேறுகாலத்துக்குக் கூட்டிவரக் களியக்காவிளைக்குப் போனேன். முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தானே நடக்கவேண்டும். உங்கள் அம்மை இல்லாத இடத்தில் நான்தான் பிறந்த வீடு. போகும்போது பஸ் ஓடிற்று. மறுநாள் திரும்புகிற நேரத்தில் எல்லைக் காரியத்துக்காகத் திடீரென்று ஹர்த்தால் என்று ரோட்டில் கல்லை உருட்டிப்போட்டு விட்டார்கள். பஸ் இல்லை, வண்டி இல்லை. கூட்டம் நிற்கிற ரோட்டில் போகவேண்டாம் என்று தண்ணீர் ஓடுகிற தோட்டின் கரை வழியாக நடந்தோம். கைதைப் புதர் பக்கம் வந்தபோது அணலிப் பாம்பு கொத்திவிட்டது. சரோஜத்தின் வலது காலில்.

பொன்னுதாஸ் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். கல் வைத்து மறித்து நின்ற பையன்களே கல்லைத் தள்ளி, ஒரு லாரியை நிறுத்தி ஏற்றிவிட்டார்கள். தமிழ் பேசுகிறவனும் மலையாளம் பேசுகிறவனும் சேர்ந்து தள்ளினார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விஷத்துக்கு மாற்று ஊசி போட்டார். ஈறில் ரத்தம் வந்தது. கால் முருங்கைத் தடி மாதிரி வீங்கிற்று. நாலு நாள் நான் ஜெபத்தில் வார்த்தை கிடைக்காமல் அவளுடைய பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் ரத்தம் நின்றது. இப்போது வீக்கம் இறங்குகிறது.

ஆனால் மக்களே, விஷம் இறங்கின பிறகு வேறொன்று ஏறிவிட்டது. அதற்குக் காரணம் நான். ஜூன் மாதம் நீ எழுதின கடிதத்தைக் களியக்காவிளைக்குக் கொண்டுபோய் சம்பந்தி வீட்டில் வைத்து வாசித்திருந்தேன். வாசிக்காதே என்று நீ எழுதின வரியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாம் வாசித்தேன். செல்லபாய்க்கு அது அப்படியே ஓர்மை இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டாள்:

"நரம்பு வழி தெரியாம ரத்தத்துக்குள்ள பாயும்ணு நீங்கதானே வாசிச்சீங்க? இப்பம் விஷம் எனக்க மொவனுக்க பிள்ளைக்கு ஏறியாச்சு. அது எங்கன பிறக்கும்? வேரு விட்ட சேனைக்கிழங்கு மாதிரியா?"

"டாக்டரம்மா பறஞ்சது கேக்கல்லியா? பிள்ளைக்க நெஞ்சடி நல்லா உண்டாம்," என்றேன்.

"அவ நெஞ்சைத்தானே கேட்டா? நரம்பைக் கேட்டாளா?"

பிள்ளை பிறந்து, பார்த்த பிறகுதான் மருமகளை வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று சொல்லிவிட்டாள். போலீஸ் தடிக்குக் குனியாத பொன்னுதாஸ் தன் அம்மைக்கு முன்னால் தரையைப் பார்த்து நிற்கிறான்.

அதெல்லாம் போகட்டும். சரோஜம் சாப்பிடமாட்டேன் என்கிறாள். பிள்ளை உள்ளே அசையும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள், இவள் நடுங்குகிறாள். "அம்மச்சி, அசையுதது காலா நரம்பா?" என்று கேட்கிறாள். டாக்டரம்மா சொன்னால் சும்மா ஆறுதலுக்குச் சொல்லுவதாக நினைக்கிறாள். அக்கா சொன்னால் நம்புவாள். நீ எழுது.

கிருபாபாய்


எடின்பரோ,
31-8-1956

அம்மச்சிக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன்.

சரோஜத்திடம் உடனே சொல்லுங்கள். கண்ணாடியில் நாங்கள் நரம்பை வெறுமையாக வைத்து அதன் மேலேயே விஷத்தை விடுகிறோம். அவளுடைய பிள்ளை அப்படிக் கிடக்கவில்லை. அம்மையின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் ஒன்றாகக் கலப்பதில்லை, நடுவில் மறுபிள்ளை, அதாவது நஞ்சுக்கொடி, தடுப்பாக இருக்கிறது. மாற்று ஊசியும் போட்டாயிற்று. டாக்டரம்மா ஆறுதலுக்குப் பொய் சொல்லவில்லை. சாப்பிடாமல் இருப்பதுதான் இப்போது பிள்ளைக்கு உள்ள ஆபத்து.

மீதியை வேலை செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஊகத்தில் எழுதமாட்டேன்.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். நான் எழுதியது உங்களுக்கு. சங்கத்துக்கும் சம்பந்தி வீட்டுக்கும் இல்லை. எங்களுக்கே பாதி தெரிந்த காரியத்தை ஊர் முழுக்க விட்டால் அது இப்படித்தான் திரும்பிவரும். சரோஜத்துக்கான பதிலை எழுதிய பிறகு என் வேலையைப் பற்றி இனி எழுதுவதாக இல்லை. கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொல்லுகிறேன்.

விமலகுமாரி


எடின்பரோ,
19-9-1956

அம்மச்சி,

இது சரோஜத்துக்காக. முழுவதும் வாசித்துக் காட்டுங்கள்.

சரோஜம், உன்னைப் பாம்பு கொத்தியது ஏழாம் மாதத்தில். அதற்குள் பிள்ளைக்குக் கை, கால், கண், முதுகுத் தண்டு எல்லாம் ஆகிவிட்டன. நரம்பு தன் இடம் போய்ச் சேர்ந்தாயிற்று. அப்படிச் சேர்ந்த பிறகும் விஷத்திலுள்ள சத்துக்கு நரம்பு காது கொடுக்குமா? இதுதான் கேள்வி. நாங்கள் இதுவரை இளங்குஞ்சின் நரம்பையே எடுத்து வந்தோம். எட்டு நாள் அடை இருந்த முட்டை. அது கேட்கிற வயது. அதனால்தான் கதிர் விட்டது.

தலைவரிடம் உன் காரியத்தைச் சொன்னேன். அவர் எழுந்துபோய், சூட்டுப் பெட்டியில் வேறொருவருக்காக வைத்திருந்த முட்டைகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பதினெட்டாம் நாள் முட்டை. இன்னும் மூன்று நாள் விட்டால் கொத்திக்கொண்டு வெளியே வரும். தூவல் வந்த முழுக் குஞ்சு.

முதுகுத் தண்டின் பக்கத்திலிருந்து தொடு உணர்ச்சிக்குரிய நரம்பு முடிச்சை எடுத்தேன். எட்டாம் நாள் முட்டைக்கு விட்ட அதே விஷம், அதே அளவு. மறுநாள் வந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தலைவர்தான் முதலில் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். இளையதில் சூரியன். முதியதில் ஓரத்தில் இரண்டு மூன்று மயிரிழை. அவ்வளவுதான். விஷம் அங்கேதான் இருந்தது, அது காதை மூடிக்கொண்டது. மூன்று தடவை திரும்பச் செய்தேன். மூன்று தடவையும் அப்படியே.

ஆனால் இதையும் எழுதவேண்டும். குடலுக்கும் ரத்தக் குழாய்க்கும் போகிற வேறொரு வகை நரம்பு உண்டு. அது பதினெட்டாம் நாளிலும் கொஞ்சம் கேட்டது. இளையதைப் போல அல்ல, ஆனாலும் கேட்டது. ஏன் என்று எனக்குத் தெரியாது. கோழிக்குஞ்சுக்கு நடப்பது மனிதப் பிள்ளைக்கும் நடக்குமா என்பதும் தெரியாது. விஷம் ஒரு துளியாவது உன் பிள்ளை வரைக்கும் போயிருக்குமா என்று கேட்டால், போயிருக்காது என்றே நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்லமுடியும்.

அசைவது கால்தான், சரோஜம். நரம்பு உதைக்காது.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

விமலகுமாரி


பாறசாலை,
3-10-1956

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செல்லபாயும் பொன்னுதாசும் வந்திருந்தார்கள். நான் வரச்சொல்லி அனுப்பினேன். சரோஜம் சுவரில் சாய்ந்து இருந்தாள். கன்னத்து எலும்பு தெரிய மெலிந்திருந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன்.

பதினெட்டாம் நாள் முட்டை வரைக்கும் நன்றாக வாசித்தேன். "காதை மூடிக்கொண்டது" என்ற இடத்தில் செல்லபாய், "கொள்ளாம்" என்று தலையாட்டினாள். அடுத்த வரியில் "ஆனால்" என்று இருந்தது. முன்பு எல்லாவற்றையும் வாசித்துத்தானே வினை வந்தது, இந்தத் தடவையாவது ஆகாததை விட்டுவிடலாம் என்று ஒரு கணத்தில் முடிவு செய்தேன். நேரே "அசைவது கால்தான் சரோஜம்" என்று போய்விட்டேன்.

"அம்மச்சி," என்றாள் சரோஜம், "நடுவில கொஞ்சம் விட்டாச்சு."

"ஒண்ணும் விடல்ல பிள்ளே."

"நீங்க வாசிக்கும்பம் விரலு வரிக்கு வரி போவும். இப்பம் தவளை மாதிரி ஒரு சாட்டம் சாடிச்சு."

ஐந்தாம் வகுப்பில் டீச்சரம்மா விரல் வைத்து வாசிக்கக் கற்பித்ததை நான் இன்னும் விடவில்லை. அது காட்டிக்கொடுத்துவிட்டது. பொன்னுதாஸ் கடிதத்தை வாங்கக் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. என் பேத்தியின் கடிதம், நானே வாசிக்கிறேன் என்று திரும்ப விரலை வைத்தேன். கொஞ்சம் கேட்டது என்று நீ எழுதினதையும் வாசித்தேன். தெரியாது, தெரியாது என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாயே, அதையும் வாசித்தேன்.

"பாத்தியளா! அவளுக்கே தெரியாதாம்!" என்று செல்லபாய் எழும்பினாள்.

சரோஜம் எழும்பவில்லை. "இருங்க மாமி," என்றாள். அவள் மாமியாரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "தெரியாததைத் தெரியாதுண்ணு எழுதினவ, மத்ததைப் பொய்யா எழுதமாட்டா. இத்தன நாளும் எல்லாரும் ஒண்ணும் வராது, ஒண்ணும் வராதுண்ணு பறஞ்சாவ. ஒருத்தராவது தெரியாதுண்ணு பறயல்ல. அதாக்கும் எனக்குப் பயம்." பிறகு என்னைப் பார்த்து, "அம்மச்சி, கஞ்சி இருக்கா?" என்றாள்.

இல்லாமலா! அடுப்படிக்கு நான் நடந்துபோகவில்லை மக்களே, ஓடினேன். பயறும் தேங்காய்த் துவையலும் வைத்து இரண்டு கிண்ணம் குடித்தாள். பாதியில் பிள்ளை உதைத்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றில் கை வைத்து, "காலாக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொன்னுதாஸ் வெளியே போய் மாமரத்தடியில் நின்று அழுதான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

செல்லபாய் மட்டும் இன்னும் பிடி விடவில்லை. "பிறக்கட்டும், பாப்போம்," என்று போனாள். ஆனாலும் போகும்போது சரோஜத்துக்கென்று மடியில் கொண்டுவந்திருந்த நேந்திரம்பழத்தை எடுத்துவைத்துவிட்டுத்தான் போனாள்.

இனி உன் பேச்சுக்கு வருகிறேன். நீ கோபப்பட்டது நியாயம். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவும், மூட வேண்டிய நேரத்தில் மூடவும் உன் முட்டைக்குள்ளே கிடக்கிற செல்லுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதல்தான். அதைக் குறைக்க இந்த வயதில் மருந்து தேடவும் மாட்டேன். அப்பன் அம்மை இல்லாமல் நான் வளர்த்த பெண், கப்பல் ஏறிப் போய் உலகத்துக்கே தெரியாததைத் தேடுகிறாள். அதை நான் சொல்லாமல் யார் சொல்லுவார்கள்?

கிருபாபாய்


பாறசாலை,
5-11-1956

விமலா மக்களே, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!

பெண் குழந்தை. தந்தியில் வந்தது அவ்வளவுதான் இருக்கும், மீதியை இதில் எழுதுகிறேன். போன மாதக் கடைசிச் சனிக்கிழமை விடியற்காலம் வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையில் பிறந்தது. அவர் பிள்ளையைத் தலை முதல் கால் வரை இரண்டு தடவை பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். பிறந்த உடனே அழுத அழுகையில் அடுத்த கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளும் எழும்பி அழ ஆரம்பித்தன. நான் வராந்தாவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செல்லபாய் வந்தாள். துணியை விலக்கினாள். முதுகைத் தடவினாள், உள்ளங்காலைத் தடவினாள், விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள், காதுக்குப் பின்னால் பார்த்தாள். சந்தையில் கோழி வாங்குகிறவள்கூட அப்படிப் பார்க்கமாட்டாள். சரோஜம் கட்டிலில் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பிள்ளை செல்லபாயுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. செல்லபாய் இழுத்தாள், விடவில்லை. இன்னும் இழுத்தாள். பிள்ளை முகம் சிவந்து, இன்னும் இறுக்கிப் பிடித்தது.

"எம்மாடி! என்ன பிடி இது!" என்றாள். "இவளுக்க நரம்புக்கு என்ன குறைவு? ஜெயிலுக்குப் போன எனக்க மொவனுக்கே இந்தப் பிடி இல்லியே!" பிறகு சிரித்தாள், சிரித்து முடிப்பதற்குள் அழுதாள். விரலை விடுவிக்காமல் அப்படியே சரோஜத்தின் கட்டிலில் உட்கார்ந்து, மறு கையால் அவளுடைய தலையைத் தடவினாள். "நீ ஏதாவது தின்னியா மக்களே?" என்று கேட்டாள். அவ்வளவுதான் விமலா. இரண்டு மாதத்துக்கு மேலாக என் நெஞ்சில் கிடந்த கல் அந்தக் கேள்வியில் உருண்டுபோயிற்று.

ஒண்ணாம் தேதி எல்லை பிரிந்தது. களியக்காவிளைப் பக்கம் வெடிச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. நம்முடைய பக்கம் கொஞ்சம் பேர் கதவை அடைத்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கும் வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, மடியில் போட்டிருந்தேன். எந்த ராஜ்யத்தில் இருக்கிறோம் என்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. இவள் பிறந்தது திருவிதாங்கூர்-கொச்சியில், தொட்டிலில் ஆடுவது கேரளத்தில், வளரப்போவது மதராசில். பேறுகாலக் கணக்கு முடிந்ததும் கூட்டிப்போக செல்லபாய் இப்போதே நாள் பார்த்துவிட்டாள். பஸ் ஓடுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுவோம் என்று நானும் சொல்லிவிட்டேன்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. மழை பெய்கிறது, உருளைக்கிழங்கு சாப்பிட்டேன், கம்பளி வாங்கினேன். மக்களே, இந்தக் கடிதத்தை வானிலைக்காரன் எழுதியிருக்கலாமே! தாணு வழக்கம்போலக் கூவினார். நான் உடனே போய் வாங்கி உள்ளே வந்துவிட்டேன். சங்கத்தில், "முட்டை விசேஷம் உண்டா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். செல்லபாய்கூட நேற்றைக்குக் கேட்டாள்: "அந்தக் கோழிக்குஞ்சு காரியம் இப்பம் அவ எழுதுததில்லியா? அந்த ரெண்டாவது வகை நரம்பு ஏன் கேட்டுதுண்ணு கண்டுபிடிச்சாளா?" இத்தனை ஓர்மை அவளுக்கு!

நான் கெஞ்சமாட்டேன். ஒரு யோசனை மட்டும் சொல்லுகிறேன். முட்டையைப் பற்றி எழுது. உரக்க வாசிக்கலாமா கூடாதா என்று கடிதத்தின் தலையில் ஒரு வரி எழுதிவிடு. கூடாது என்றால் என் விரலும் கண்ணும் மட்டும் வாசிக்கும். நீ போட்ட வரியை இனி தாண்டமாட்டேன்.

கிருபாபாய், ஐந்தாம் வகுப்பு


எடின்பரோ,
20-11-1956

உரக்க வாசிக்கலாம்.

கிருபாபாய், ஐந்தாம் வகுப்பு, அவர்களுக்கும், பாறசாலை பெண்கள் சங்கத்தாருக்கும், வாசலில் கூடையோடு நிற்கிற எமில்டா அக்காவுக்கும், களியக்காவிளை செல்லபாய் மாமிக்கும் விமலகுமாரியின் வணக்கம்.

தந்தி வந்த அன்று ஆய்வுக்கூடத்தில் தலைவர் எல்லாரையும் அழைத்து, பதினெட்டாம் நாள் முட்டைக்குக் காரணமான குழந்தை நலமாகப் பிறந்துவிட்டது என்று அறிவித்தார். கை தட்டினார்கள். ஒருவர் கேக் வாங்கிவந்தார்.

மாமி கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. இரண்டாவது வகை நரம்பு ஏன் இவ்வளவு காலம் காது திறந்து வைத்திருக்கிறது என்பதையே இனி நான் ஆராயப்போகிறேன். தலைவர் சம்மதித்துவிட்டார். வருஷங்கள் ஆகலாம். விடை கிடைக்காமலும் போகலாம். எதுவானாலும் கிடைத்ததைக் கிடைத்தபடி எழுதுகிறேன்.

நேற்று ஒரு முட்டையில் ஜன்னல் வெட்டினேன். மூன்றாம் நாள். மஞ்சளுக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி, குண்டூசித் தலை அளவு, துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் கண் இல்லை, கால் இல்லை, சிறகு வரவேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடுகூட இல்லை. ஆனால் நெஞ்சு ஓடத் தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓட்டின் வாயை மெழுகால் மூடி மறுபடி சூட்டில் வைத்தேன். அதற்கு ஒன்றும் செய்யவில்லை. வளரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்புடன்,
விமலகுமாரி

இதற்குக் கீழே உள்ளது அம்மச்சிக்கு மட்டும். விரலை எடுத்துவிடுங்கள்.

ஏப்ரலில் இரண்டு மாதம் லீவு கொடுத்திருக்கிறார்கள். கப்பலுக்குச் சொல்லியாயிற்று. அந்தப் பெண் என் விரலையும் பிடிக்கிறாளா என்று பார்க்க வாறேன். தாணுவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், பஸ் நிற்கிற இடத்தில் ஊரே வந்து நிற்கும்.

சரி, செல்லபாய் மாமியிடம் வேண்டுமானால் சொல்லுங்கள்.